தை பிறக்கும் வரை சாமி

தை பிறந்தால் வழி பிறக்கும் என்று ஊரெல்லாம் சொல்லும். எங்கள் வீட்டில் தை பிறந்தால் அப்பா குடிக்கத் தொடங்குவார்.

கார்த்திகை முதல் தேதி மாலை போடுவார். மகர ஜோதி பார்த்துவிட்டு வந்து தை முதல் வாரத்தில் கழற்றுவார். இடையில் ஏறக்குறைய 60 நாள். சபரிமலை விரதம் ஒரு மண்டலம், அதாவது 41 நாள் என்பதுதான் வழக்கம். அப்பா ஜோதிக்குப் போகிற ஆள் என்பதால் எங்களுக்குக் கூடுதலாக மூன்று வாரம் கிடைத்தது. தெருவில் மற்றப் பிள்ளைகள் தீபாவளிக்கு நாள் எண்ணுவார்கள். நானும் தங்கச்சியும் தீபாவளியைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்து (அன்றைக்கு அப்பா குடிப்பதற்குக் கணக்கே கிடையாது) கார்த்திகைக்கு எண்ணிக்கொண்டிருப்போம்.

மாலை விழுந்த அன்று காலையிலிருந்து வீட்டில் வேறு ஒரு ஆள் இருப்பார். நாலரை மணிக்குப் பச்சைத் தண்ணீரில் குளிப்பார். நெற்றி நிறையத் திருநீறு, நடுவில் சந்தனம், கருப்பு வேட்டி, கழுத்தில் ஐயப்பன் டாலர் கோத்த துளசி மணி மாலை. பீடி இல்லை. செருப்பு இல்லை. தலையணை இல்லை, வெறும் பாய். அம்மாவை அடித்த கை அதே கைதான், ஆனால் அந்த 60 நாளும் அது சூடம் காட்டும், எங்களுக்குத் திருநீறு பூசிவிடும், தங்கச்சிக்கு ஜடை பின்னப் பார்த்துத் தோற்றுப்போகும். ஒருமுறை அம்மாவிடம் கேட்டேன்: இதில் எதும்மா நிஜ அப்பா? அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டும் ஒரே ஆளுதான். வேட்டிதான் வேற."

அந்தப் பதில் எனக்குப் பல வருஷம் போதவில்லை. இப்போது யோசித்தால், மதத்தின் உளவியலைப் பற்றிப் பின்னாளில் நான் படித்த பல பக்கங்கள் அம்மாவின் அந்த ஒரு வரிக்கு எழுதிய உரைதான் என்று படுகிறது.

எங்கள் ஊர் கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. சபரிமலைக்குப் போகிற வண்டிகளில் பாதி எங்கள் ஊர் வழியாகத்தான் குமுளி ஏறும். மார்கழி ராத்திரிகளில் தூக்கத்திலும் சரண கோஷம் கேட்கும். அப்பா ஒரு லாரிப் பட்டறையில் டிங்கர் வேலை பார்த்தார். ஒடுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிற வேலை. ஊரில் அவருக்குப் பெயர் கிடையாது. "டிங்கரு" என்பார்கள். கோபம் வந்தால் "குடிகாரப் பயல்". எங்கள் தெருவைத் தாண்டிவிட்டால் வயசு வித்தியாசம் இல்லாமல் "டா" போடுவார்கள். பட்டறை முதலாளியின் மகன், என்னோடு பள்ளியில் படித்தவன், அவனும் போடுவான். காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ஊர்க்காரர்களுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

கார்த்திகை பிறந்ததும் அதே ஆட்கள் "சாமி" என்பார்கள். "வாங்க சாமி, சாப்டீங்களா சாமி?" முதலாளி உட்பட. மாலை போட்டவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். சிறு பையன் போட்டிருந்தாலும் சாமிதான். பேச்சைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் "சாமி சரணம்". வினைச்சொல் தானாக மரியாதைக்கு மாறிவிடும். "வாடா சாமி" என்று எவனாலும் சொல்ல முடியாது, நாக்கு மடங்காது.

முதலாளி வீட்டில் ஒவ்வொரு மார்கழியும் பஜனை வைத்துச் சாமிமார்களுக்கு அன்னதானம் போடுவார்கள். வருஷத்தில் பத்து மாதம் பின்வாசல் தொட்டியோரம் நின்று கூலி வாங்கும் அப்பா, அன்றைக்கு முன்வாசல் வழியாக நடுக்கூடத்துக்குப் போய்த் தலைவாழை இலை முன்னால் சம்மணம் போட்டு உட்காருவார். முதலாளியம்மா கையால் பரிமாறுவார். சாப்பிட்டு எழுந்ததும் அந்த மகன் வந்து காலைத் தொட்டுக் கும்பிடுவான். நான் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்பாவின் முகத்தில் அப்போது ஒரு களை வரும். பக்தி என்று நினைத்திருந்தேன். அது பக்தி இல்லை. பெயர் கிடைத்தவனின் முகம் அது.

வில்லியம் ஜேம்ஸ் என்கிற அமெரிக்க உளவியலாளர் மத அனுபவம் பற்றி எடின்பரோவில் நிகழ்த்திய சொற்பொழிவுகள் 1902ல் புத்தகமாக வந்தன. மத உளவியல் என்றாலே அதிலிருந்துதான் தொடங்குவார்கள். எனக்கு அதைவிட அவர் 1890ல் எழுதிய ஒரு செய்திதான் அதிகம் உதவியது. ஒருவனை எத்தனை பேர் அறிந்து, தங்கள் மனதில் அவனுக்கு ஒரு உருவம் வைத்திருக்கிறார்களோ, அத்தனை 'நான்' அவனுக்கு உண்டு என்கிறார். இதைப் படித்தபோது அப்பாதான் கண் முன் நின்றார். பத்து மாதம் ஊர் அவரைப் பற்றி ஒரு உருவம் வைத்திருந்தது; அவர் அதற்குத் தகுந்தபடி வாழ்ந்தார். இரண்டு மாதம் வேறு உருவம்; அதற்கும் தகுந்தபடி வாழ்ந்தார். குடிகாரப் பயல் என்று கூப்பிட்டால் குடிப்பதில் என்ன குறை? சாமி என்று கூப்பிடுகிறவர் முன்னால் எப்படித் தள்ளாடுவது?

(அடித்ததற்கு இது சமாதானம் ஆகாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.)

நான் சாமி இல்லை என்கிற கட்சி. மதுரையில் கல்லூரி விடுதியில் இருந்தபோது கருப்புச் சட்டைத் தோழர்களோடு சேர்ந்து படித்தது, பேசியது, சில கூட்டங்களுக்குப் போனது என்று கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துவிட்டது. பெரிய மனப் போராட்டமெல்லாம் இல்லை. ஒருநாள் யோசித்துப் பார்த்தேன், இல்லை, அவ்வளவுதான். என்னிடம் இருந்த இரண்டு கருப்புச் சட்டைகளில் ஒன்றைத்தான் பிறகு மலைக்கும் போட்டுப் போனேன் என்பதை அந்தத் தோழர்கள் படித்தால் மன்னிக்க வேண்டும்.

போனது 2009ல். அது அப்பாவுக்கு 18வது வருஷம். முதல் முறை போனது 1991. நடுவில் ஒரு வருஷம் பெரியப்பா செத்துத் தீட்டானதால் போகவில்லை. 18வது வருஷம் போகிறவர் மலைக்குத் தென்னங்கன்று கொண்டுபோய் நட வேண்டும். அதோடு அவர் குருசாமி. அதற்காகவே 17 வருஷம் காத்திருந்தார். ஆனால் அந்த வருஷம் ஆவணியில் பட்டறையில் லாரிக் கதவு விழுந்து வலது முழங்கால் போய்விட்டது. நடக்கலாம், படி ஏற முடியாது. அம்மா போன் பண்ணினாள்: "நீ கூடப் போய் கையைப் பிடிச்சுக்கப்பா."

சரி, போய்ப் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். அப்புறம்தான் சிக்கல் புரிந்தது. பதினெட்டாம் படியில் இருமுடி இல்லாமல் யாரும் ஏற முடியாது. இருமுடி கட்ட வேண்டும் என்றால் விரதம் இருக்க வேண்டும். விரதம் இருக்க மாலை போட வேண்டும். சாமி இல்லை என்கிறவன் அப்பா கையைப் பிடித்துப் பதினெட்டுப் படி ஏற வேண்டும் என்றால் முதலில் சாமியாக வேண்டும். 27 வயதில், கார்த்திகை ஒன்றாம் தேதி, அப்பாவின் குருசாமி கையால் மாலை போட்டுக்கொண்டேன். கன்னிசாமி. அன்றைக்கு அப்பா என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை "சாமி சரணம்." அதுவரை என்னை அவர் "டேய்" என்று தவிரக் கூப்பிட்டதில்லை. பெயர் சொன்னதாகக்கூட நினைவில்லை.

நான் அப்பா மேல் பாசத்தில் போனேன் என்று நினைக்க வேண்டாம். அவரை எனக்குப் பிடிக்காது. அது எங்கள் இருவருக்குமே தெரியும். இதைப் பற்றி எனக்கு ரொம்பப் பிடித்த ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. ஆடம் கோஹன், பால் ரோசின் என்று இரண்டு பேர் 2001ல் அமெரிக்காவில் செய்தது. பெற்றோரை மனதுக்குள் பிடிக்காத, ஆனால் ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்கிற ஒரு மனிதரைப் பற்றி யூதர்களிடமும் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களிடமும் கேட்டார்கள். மனதுக்குள் இருப்பதும் கணக்கில் சேரும் என்பது புராட்டஸ்டண்டுகளின் பக்கம். அவர்கள் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். செய்கிறானா இல்லையா என்பதுதான் யூதர்களுக்குப் பெரிதாகப் பட்டது. அந்தக் கேள்வியை அம்மாவிடம் கேட்டிருந்தால் ஒரே வரியில் முடித்திருப்பாள்: "கஞ்சி ஊத்துறானா, இல்லையா?" மதம் என்றால் நம்பிக்கை என்று நாம் நினைப்பதே ஒருவகையில் புராட்டஸ்டண்ட் பழக்கம் என்று தோன்றுகிறது. எங்கள் தெருவில் ஒருவரிடம் ஒருவர் "நீ கடவுளை நம்புகிறாயா?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. "மாலை போட்டிருக்கியா?" என்றுதான் கேட்பார்கள். "இந்த வருஷம் தீச்சட்டி உண்டா?", "என்ன, நோன்பா?", இப்படித்தான்.

மாலையோடு சென்னை வந்தேன். திருவல்லிக்கேணியில் மூன்று பேர் தங்கிய அறை. மற்ற இருவரும் எனக்காகக் கோழி வறுப்பதை மாடிக்கு மாற்றினார்கள். அலுவலகத்துக்கு வெறுங்காலில் போனேன். என்னை ஒழுங்காகப் புரிந்துகொண்டவர் கூட வேலை பார்த்த முஸ்லிம் நண்பர் ஒருவர்தான். நம்புகிறாயா என்று கேட்கவில்லை. "முதல் பத்து நாள்தான் கஷ்டம், அப்புறம் உடம்பு பழகிடும்" என்றார்.

அலுவலக வாசலில் ஒரு காவலாளி. ஐம்பது வயது இருக்கும். இரண்டு வருஷமாகத் தினமும் "குட்மார்னிங் சார்" என்பார், நானும் தலையாட்டிவிட்டுப் போவேன். பெயர்கூடக் கேட்டதில்லை. அவரும் மாலை போட்டிருந்தார். முதல் நாள் என் கழுத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "சாமி சரணம் சாமி" என்றார். நானும் "சாமி சரணம்" என்றேன். அவ்வளவுதான், எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த எதுவோ ஒன்று சரிந்துவிட்டது. மத்தியானம் கீழே இறங்கி அவருடைய தகரக் கூண்டுக்குள் போய்ச் சாப்பிடத் தொடங்கினேன். அவர் வீட்டுச் சாம்பார் சாதம், நான் வாங்கி வரும் தயிர் சாதம். கிண்டியில் எந்த மெஸ் விரதச் சாப்பாட்டுக்குச் சுத்தம், எந்தப் பையனுக்குக் கல்லூரிக் கட்டணம் பாக்கி, எல்லாம் பேசுவோம். சாமி என்று ஒருவரை முன்னூறு தடவை கூப்பிட்டபிறகு அவரிடம் மனம் ஒரு மாதிரி இளகிவிடுகிறது. நான் ஒன்றும் நம்பவில்லை. நாக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த இளக்கம் எனக்குள்ளும் இறங்கியது. அதுதான் விசித்திரம். ஒருநாள் ஆட்டோக்காரர் ஒருவர் இருமடங்கு கேட்டார். வழக்கமாக நான் போடும் சத்தத்துக்குத் தெரு கூடிவிடும். அவர் "என்ன சாமி நீங்களே இப்படிப் பேரம் பேசினா?" என்றார். வாயில் வந்த வார்த்தையை விழுங்கிவிட்டேன். மாலை போட்டவன் கெட்ட வார்த்தை பேசக்கூடாது என்பது விதி, அந்த விதியில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் விழுங்கினேன். இருபது நாள் இப்படி விழுங்கியபிறகு கோபமே குறைந்திருப்பதைக் கவனித்தேன்.

டேரில் பெம் என்ற உளவியலாளர் 1960களில் ஒரு கருத்தை முன்வைத்தார். நமக்கு நம் மனதைப் பற்றி நேரடியாகத் தெரியும் என்று நினைக்கிறோம். பல நேரம் அப்படி இல்லை. அடுத்தவரைப் பார்த்து ஊகிப்பது போலவே நம்மையும் பார்த்து ஊகிக்கிறோம். பழுப்பு ரொட்டி பிடிக்குமா என்று கேட்டால், பிடிக்கும் போலிருக்கிறது, எப்போதும் அதைத்தானே சாப்பிடுகிறேன் என்று சொல்வதுபோல. நான் சண்டை போடவில்லை, அதனால் நான் சாந்தமானவன் போலிருக்கிறது. காலையில் குளிர்ந்த நீரில் குளிக்கிறேன், அதனால் எனக்குள் ஏதோ உறுதி இருக்கிறது போலிருக்கிறது. செயல் முன்னால் போகிறது, 'நான்' மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வருகிறது.

கன்னிசாமிக்கு வீட்டில் செய்கிற மரியாதையில் எனக்குப் பொறுக்க முடியாமல் போனது ஒன்றே ஒன்று. இருமுடி கட்டின அன்று அம்மா என் காலில் விழுந்தாள். தடுத்தேன். "உன் கால்ல இல்லப்பா, சாமி கால்ல" என்றாள். அம்மாவுக்கு அதில் குழப்பமே இல்லை. எனக்கு உடம்பு கூசியது.

ஏனென்றால் உண்மையில் விரதம் இருப்பவள் அவள். நாலு மணிக்கு எழுந்து தலைக்குக் குளித்து அடுப்பு மூட்டுவாள். சாமிக்குத் தனிப் பாத்திரம், தனித் துவையல். மாதத்தில் மூன்று நாள் சித்தி வீட்டுத் திண்ணையில் போய் இருப்பாள். இத்தனைக்கும் அவளை யாரும் சாமி என்று கூப்பிடுவதில்லை. பத்து வயதுக்குக் கீழுள்ள பெண் குழந்தையையும் வயதான பெண்ணையும் மாளிகைப்புரம் என்பார்கள். இடையில் இருக்கும் நாற்பது வருஷத்துக்கு ஒரு பெயரும் இல்லை.

தங்கச்சி வயதுக்கு வந்தது ஒரு மார்கழி ஆரம்பத்தில். வீட்டில் சாமி இருக்கிறார், ஆகாது என்று அன்றைக்கே மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சடங்கைத் தையில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அவள் திரும்பி வந்தபோது அப்பா மாலையைக் கழற்றி நாலு நாள் ஆகியிருந்தது. அந்த வருஷம் நல்ல அப்பா அவளுக்குப் பாதிதான் கிடைத்தார். 2018 செப்டம்பர் 28ல் உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் எல்லா வயதுப் பெண்களும் மலை ஏறலாம் என்று தீர்ப்புச் சொன்ன அன்று, ஊரெல்லாம் அதைப் பற்றியே பேச்சு. தங்கச்சியிடம் போனில் கேட்டேன். "மலைக்கு யாருக்கு வேணும்? எனக்கு அந்த மார்கழிதான் வேணும்" என்றாள். பிறகு அவள் பையன் எதையோ உடைத்துவிட்டான், வைத்துவிட்டாள்.

சரி, மலைக்கு வருகிறேன். இருமுடியில் முன்முடியில் நெய்த்தேங்காய். தேங்காயின் கண்ணைத் துளைத்து, தண்ணீரை வடித்து, உருக்கிய நெய்யை ஊற்றித் தக்கையால் அடைப்பார்கள். தேங்காய் உடம்பு, நெய் உயிர் என்பார் குருசாமி. சன்னிதானத்தில் உடைத்து நெய்யை அபிஷேகத்துக்குக் கொடுத்துவிட்டு, மூடியை ஆழி நெருப்பில் போட வேண்டும். வாசலில் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கிளம்பினோம். போய்ட்டு வர்றேன் என்றும் சொல்லக்கூடாது. அப்பாவின் தென்னங்கன்று என் கையில்.

குமுளி, வண்டிப்பெரியாறு, முண்டக்கயம் வழியாக எருமேலி. அங்கே உடம்பில் வண்ணப்பொடி பூசிக்கொண்டு, மரக்கத்தியும் இலைதழையும் ஏந்தி, "சாமி திந்தக்கத்தோம்" என்று ஆடிக்கொண்டு பேட்டை துள்ளுவார்கள். ஆடிக்கொண்டே பள்ளிவாசலுக்குள் போவார்கள். ஐயப்பனின் தோழர் வாவர். அவரைக் கும்பிடாமல் மலை இல்லை. ஊரில் முதலாளி மகன் மதத்தைப் பற்றி வேறு மாதிரிப் பேசுகிற ஆளாக அப்போது மாறிக்கொண்டிருந்தான். அவனும் எங்கள் வண்டியில் வந்திருந்தான், முகமெல்லாம் ஊதாப் பொடியோடு பள்ளிவாசலைச் சுற்றி வந்து காணிக்கை போட்டான். முரணாக இல்லையா என்று பிறகு கேட்டேன். "அது மலை, இது ஊரு" என்றான். அம்மாவின் வேட்டிக் கணக்குத்தான்.

இப்படி ஊர் வழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிற இடைக்காலங்களைப் பற்றி மானுடவியலில் பழைய ஆராய்ச்சி உண்டு. அர்னால்ட் வான் கென்னப் என்பவர் 1909லேயே சடங்குகளைப் பிரிதல், வாசற்படியில் நிற்றல், திரும்பச் சேர்தல் என்று மூன்றாகப் பிரித்தார். விக்டர் டர்னர் 1960களில் அந்த நடுப்பகுதியை எடுத்துக்கொண்டார். வாசற்படியில் நிற்கும்போது மேல் கீழ் அழிந்துபோகிறது, எல்லாரும் ஒரே உடுப்பில் ஒரே பெயரில் கலந்துவிடுகிறார்கள் என்றார். ஆனால் அது வாசற்படிக்கு மட்டும் உரியது. வீட்டுக்குள் பழைய நாற்காலிகள் போட்ட இடத்திலேயே கிடக்கும்.

எங்கள் பக்கத்துக்காரர் ஒருவரை இங்கே சொல்ல வேண்டும். 1950ல் சபரிமலைக் கோயில் தீயில் எரிந்தபிறகு, இன்றுள்ள ஐம்பொன் சிலையைத் தமிழ்நாட்டு ஊர்களில் ஊர்வலமாகக் கொண்டுபோனதில் முன்நின்றவர் பி.டி. ராஜன். உத்தமபாளையத்துக்காரர், நீதிக்கட்சித் தலைவர், 1936ல் சில மாதங்கள் சென்னை மாகாண முதல்வராக இருந்தவர். நாடகக்காரர் நவாப் ராஜமாணிக்கமும் இதில் சேர்ந்துகொண்டார். அப்பாவுக்கு அவர்களைத் தெரியாது. அவருடைய தெய்வம் நம்பியார். திரையில் எம்.ஜி.ஆரிடம் அடி வாங்கிக்கொண்டே இருந்த எம்.என். நம்பியார் நிஜத்தில் குடிக்காத, மாமிசம் தொடாத ஆள், வருஷம் தவறாமல் மலை ஏறிய மகா குருசாமி. 2008 நவம்பரில், சரியாக மாலை போடும் பருவத்தில், இறந்துபோனார். அப்பா அவர் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டிப் பட்டறைச் சுவரில் ஒட்டியிருந்தார். "கெட்டவனா நடிச்சவரு" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். தன்னைப் பற்றித்தான் சொல்லிக்கொள்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பம்பையிலிருந்து நீலிமலை ஏற்றம் எங்களுக்கு ஒன்பது மணி நேரம் ஆனது. அப்பாச்சிமேட்டில் உட்கார்ந்து காலைத் தேய்த்துவிட்டேன். அவர் காலை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. இருவரும் சாமி என்பதால் அதில் ஒரு சங்கடமும் இல்லை. "வலிக்குதா சாமி?" "இல்ல சாமி, அழுத்துங்க." மகனைப் பார்த்து அழுத்துங்க என்கிறார். பதினெட்டாம் படியில் நின்று பார்க்க நேரமில்லை. போலீஸ்காரர்கள் தோளைப் பிடித்து மேலே ஏற்றிவிடுவார்கள். ஒரு கை தலையில் இருமுடியைப் பிடித்திருக்கிறது, இன்னொரு கை அப்பாவின் இடுப்பில். எண்ணினேனா, எண்ணவில்லை. மேலே போனதும் சன்னிதான முகப்பில் இருந்த எழுத்தைக் காட்டி, "அதுல என்ன சாமி எழுதியிருக்கு?" என்று கேட்டார். 17 வருஷம் கேட்காமலே இருந்திருக்கிறார். தத்வமஸி என்று சொன்னேன். அது நீயே என்று அர்த்தம். சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தன் மகன் சுவேதகேதுவுக்குச் சொல்வது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "எல்லாரும் கூப்பிடுறதைத்தானே எழுதி வச்சிருக்கான்" என்றார்.

அதற்குள் கூட்டம் தள்ளிவிட்டது. நெய்த்தேங்காய் உடைத்தோம், கன்றை வைத்தோம், ஜோதி பார்த்தோம். எனக்கு அழுகை வந்ததா என்று நண்பர்கள் கேட்பார்கள். வந்தது. தூக்கமின்மை, கூட்டம், இரண்டு லட்சம் தொண்டையிலிருந்து ஒரே நேரத்தில் வருவது போன்ற அந்தச் சத்தம். யாருக்கும் வரும். அதற்குப் பிறகு நான் நம்ப ஆரம்பித்துவிடவில்லை.

அந்த ஜோதி விஷயத்தில் அப்பாவோடு எனக்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு. ஜோதி தெரிகிற பொன்னம்பலமேட்டில் ஆள்தான் ஏற்றுகிறான் என்பேன், அவர் பேசாமல் இருப்பார். 2011ல் தேவசம் போர்டே கேரள உயர் நீதிமன்றத்தில் மகர விளக்கு மனிதர்கள் ஏற்றுவதுதான் என்று ஒப்புக்கொண்டது. அன்றைக்கே போன் போட்டேன், இதற்குத்தான் காத்திருந்தவன்போல. "மனுசன் ஏத்தாம விளக்கு தானாவா எரியும்?" என்றார். கேட்டுவிட்டு, சாப்பிட்டியா என்றார். மகர விளக்கு அற்புதமா இல்லையா என்பது என் பிரச்சினையாகத்தான் இருந்திருக்கிறது. அவருக்கு அது ஒருநாளும் பிரச்சினையாக இருந்ததில்லை.

மாலை கழற்றிய மறுநாள் சென்னை. வாசல் காவலாளி டிசம்பர் கடைசியிலேயே மண்டல பூஜை முடித்து மாலையைக் கழற்றியிருந்தார். நடுவில் இருந்த அந்த மூன்று வாரம் ஒரு வேடிக்கை: அவர் என்னைச் சாமி என்பார், எனக்கு அவரை என்ன சொல்வது என்று தெரியவில்லை, அண்ணே என்று சமாளித்தேன். இப்போது என் கழுத்தும் காலி. பார்த்தார், எழுந்து நின்றார், "குட்மார்னிங் சார்" என்றார். சார் வேண்டாம் அண்ணே என்றேன். "அதெப்படி சார்" என்றார். மத்தியானம் கீழே போனேன். நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு நின்றுகொண்டே சாப்பிட்டார். மறுநாள் நான் போகவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. போயிருக்க வேண்டும்.

ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ள எத்தனை நாள் ஆகும் என்று லண்டனில் பிலிப்பா லாலி என்பவர் 96 பேரை வைத்துப் பார்த்தார். தினமும் ஒரு பழம் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது, நடப்பது மாதிரிச் சின்னச் சின்ன விஷயங்கள். ஆளுக்கு ஆள் வித்தியாசம் ஏராளம் என்றாலும் நடுவாக 66 நாள் வந்தது. அதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். அப்பாவுக்கு ஆறு நாள் குறைந்திருக்கிறது! ஆனால் நாள் கணக்கு இல்லை காரணம். குடிக்காமல் இருந்த பழக்கம் சாமியிடம் இருந்தது. மாலையோடு சேர்த்து அதையும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். ஆணிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர் டிங்கரு. அவருக்கு அந்தப் பழக்கம் பற்றி ஒன்றும் தெரியாது.

2010 தையில் மட்டும் நடந்தது வேறு. 18 வருஷம் முடித்தவர் குருசாமி. மாலையைக் கழற்றினாலும் அந்தப் பெயர் கழறவில்லை. பங்குனியிலும் குருசாமி, ஆடியிலும் குருசாமி. மாலை போட வருகிறவர்கள் வீடு தேடி வந்தார்கள். முதலாளி மகன் "டா"வை எங்கே வைப்பது என்று தெரியாமல் வினையை முடிக்காமலே பேசிக்கொண்டிருந்தான். ஊர் மதுக்கடைப் பக்கம் போனால் வரிசையில் நிற்கிற பையன்கள் சிகரெட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு "சாமி சரணம்" என்றார்கள். அப்பா எதையோ தேடி வந்தவர்போல் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாராம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தோம்.

2012 சித்திரையில் ஊருக்குப் போகும்போது நான் வந்த பஸ் சின்னமனூரில் நின்றது. கீழே அப்பா. நெற்றியில் திருநீறு இல்லை, துடைத்த தடம் மட்டும் இருந்தது. கையில் மஞ்சள் பை, அதற்குள் என்ன என்று கேட்கத் தேவையில்லை. வாரத்துக்கு ஒருநாள் பஸ் ஏறி இங்கே வந்து வாங்குகிறார் என்று பிறகு தெரிந்தது. இறங்கிப் பக்கத்தில் போய் நின்றேன். என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அப்போது வேர்க்கடலை விற்கிற பையன் ஒருவன் எங்களைத் தாண்டிப் போனவன், நின்று, திரும்பி, கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "சாமி சரணம் குருசாமி. கம்பம் வண்டி அந்தப் பக்கம் நிக்குது" என்றான்.

அப்பா பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "சாமி சரணம்" என்றார். பையன் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஊருலயும் தெரிஞ்சுபோச்சு" என்றார் என்னிடம். "இனிமே தேனிக்குத்தான் போகணும் போல."